முட்டை நுரையும் நோபல் பரிசும்: புரதத்தை நோகாமல் உறைய வைத்த கதை

2017ல் வேதியியல் நோபல் பரிசு மூன்று பேருக்குப் போனது. ஜாக் துபோஷே, யோவாகிம் ஃப்ராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன். கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி என்கிற சமாச்சாரத்துக்காக. அந்த வாரம் பத்திரிகைகள் எல்லாம் மெஷினைப் பற்றியே எழுதின. ஆளைவிட உயரமான கருவி, அணு அணுவாகத் தெரியும் படம், ஆகா ஓகோ. தப்பில்லை. ஆனா அந்த மெஷினுக்குள்ளே புரதத்தை உயிர் போகாமல் கொண்டு போய் வைக்கிறதுதான் பெரிய பாடு. அந்த அடுப்படி வேலையைப் பற்றி யாரும் பெரிசாக எழுதவில்லை. எனக்கு என்னவோ கதையே அங்கேதான் இருக்கிற மாதிரி படுகிறது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்த்துவிடுவோம்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி 1931லேயே வந்தாச்சு. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் க்னோலும் செய்தது. (ருஸ்காவுக்கு நோபல் கொடுக்க 1986 வரை காத்திருந்தார்கள். நல்லவேளை, மனுஷன் அதுவரை இருந்தார்.) இரும்பு, உலோகம் இதையெல்லாம் பார்க்க அருமையான கருவி. ஆனா புரதத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மூன்று பக்கமும் அடி. ஒன்று, கருவிக்குள்ளே வெற்றிடம். புரதமோ தண்ணீரில் மிதக்கிற பிராணி. வெற்றிடத்தில் தண்ணீர் ஆவியாகிப் போனால் புரதம் கருவாடு மாதிரி சுருங்கிவிடும். இரண்டாவது, எலெக்ட்ரான் கற்றை. அதில் படம் எடுப்பது, வெடிகுண்டு வெளிச்சத்தில் குடும்ப போட்டோ எடுக்கிற மாதிரி. படம் தெளிவாக விழும்போது படத்தில் இருப்பவர் இருக்க மாட்டார். மூன்றாவது, புரதத்தில் இருப்பதெல்லாம் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மாதிரி லேசான அணுக்கள். எலெக்ட்ரானுக்கு அவை சரியாகக் கண்ணிலேயே படாது.

இதற்கு முதலில் கிடைத்த வழி சாயம். 1959ல் சிட்னி பிரென்னரும் ராபர்ட் ஹார்னும் ஒரு சுலபமான முறையை எழுதினார்கள். கனமான உலோக உப்புக் கரைசலில் புரதத்தையோ வைரஸையோ கலந்து காய விடு. உப்பு சுற்றிலும் அச்சு மாதிரி உறைந்து நிற்கும். உள்ளே இருக்கிற பொருளின் வெளி உருவம் வெள்ளையாகத் தெரியும். கோலமாவைத் தூவி கையை எடுத்தால் தரையில் கை தெரிகிறதே, அது மாதிரி. இன்றைக்கும் ஆய்வகங்களில் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறார்கள். பத்து நிமிஷ வேலை. ஆனா பார்ப்பது கையை அல்ல, கை இருந்த இடத்தை. உள்ளே நரம்பு, எலும்பு எதுவும் தெரியாது. போதாததற்கு காய்ந்து போன கை.

அடுத்து வந்தது சர்க்கரை. கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் 1975ல் ஒரு காரியம் செய்தார்கள். உப்பளத்தில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரின் ஊதா நிறச் சவ்வு அவர்களுடைய பொருள். அதில் ஒரே புரதம் வரிசை வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி இயற்கையாகவே படிகமாக இருக்கும். தண்ணீருக்குப் பதிலாக குளுக்கோஸ் கரைசலில் ஊற வைத்துக் காய விட்டார்கள். தேனில் ஊறின நெல்லிக்காய் கெடாமல் இருக்கிற மாதிரி, வெற்றிடத்தில் தண்ணீர் போனாலும் சர்க்கரை போகாது. புரதம் வடிவம் குலையாமல் நிற்கும். எலெக்ட்ரானையும் கஞ்சத்தனமாகக் கொஞ்சமே விட்டார்கள். ஒரு மூலக்கூறின் படம் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கல். ஆனா ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வரிசையில் இருப்பதால், எல்லாவற்றையும் சேர்த்து சராசரி எடுத்தால் உருவம் எழுந்து வருகிறது. சவ்வுக்குள் ஏழு கம்பிகள் நட்டுக்க நிற்கிற அந்தப் படம் உயிரியலில் ஒரு மைல்கல்.

பிரச்சினை என்னவென்றால், எல்லாப் புரதமும் இப்படி சமர்த்தாக வரிசையில் நிற்காது. பெரும்பாலானவை தண்ணீரில் தனித்தனியாக, கண்ட திசையில் திரும்பிக்கொண்டு மிதக்கும்.

இதே காலகட்டத்தில் அமெரிக்காவில், பெர்க்லியில், கென் டெய்லரும் ராபர்ட் கிளேசரும் வேறு பாதையில் போனார்கள். தண்ணீரை ஏன் எடுக்கணும்? அப்படியே உறைய வைத்துவிடு. மைனஸ் 120 டிகிரிக்குக் கீழே போனால் பனிக்கட்டி வெற்றிடத்தில்கூட ஆவியாகாது, உட்கார்ந்த இடத்தில் கல்லு மாதிரி இருக்கும். 1974ல் கேட்டலேஸ் என்கிற நொதியின் மெல்லிய படிகத்தை திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் காட்டினார்கள். 3 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நுணுக்கம் அப்படியே பிழைத்திருந்தது. (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.) குளிர்ச்சி இன்னொரு உபகாரமும் செய்தது. எலெக்ட்ரான் அடியைத் தாங்கும் சக்தி சில மடங்கு கூடியது. இந்த கிளேசர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வருவார். நோபல் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லாதது எனக்கு இன்னமும் உறுத்தல்தான். மூன்று பேருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்கிற சட்டம் யாரையாவது வெளியே நிறுத்தத்தானே செய்யும்.

படிகத்துக்குள் இருக்கிற கொஞ்சூண்டு தண்ணீர் உறைவது வேறு. தண்ணீரில் தனியாக மிதக்கிற புரதத்தை உறைய வைப்பது வேறு. தண்ணீர் பனிக்கட்டி ஆகும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண அடுக்கில் போய் உட்காரும். அந்த அடுக்கில் வேறு யாருக்கும் இடம் கிடையாது. உப்பு, புரதம் எல்லாத்தையும் ஓரத்துக்குத் தள்ளி நசுக்கிவிடும். பருமனும் கூடும். ஃப்ரீசரில் சோடா பாட்டிலை மறந்து வைத்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. போதாததற்கு பனிப்படிகம் எலெக்ட்ரான்களைத் திசைதிருப்பி படத்தையும் கெடுக்கும்.

அப்போ வேண்டியது உறைந்த தண்ணீர், ஆனா படிகம் ஆகாத தண்ணீர். கண்ணாடி மாதிரி. கண்ணாடி என்பது அவசரமாகக் குளிர்ந்த திரவம்தானே. மூலக்கூறுகள் அடுக்கில் போய் உட்காருவதற்குள் "அப்படியே நில்லு" என்று சொன்ன மாதிரி. சின்ன வயசில் ஸ்டேச்சு விளையாடியிருப்பீர்களே, அதேதான். ஆனால் சுத்தமான தண்ணீரை இப்படிக் கண்ணாடியாக்க முடியாது என்பதுதான் அப்போது பெரும்பாலான இயற்பியல்காரர்களின் நினைப்பு.

இங்கேதான் ஜாக் துபோஷே வருகிறார். 1942ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். எழுத்துக்களைப் படிப்பதில் தடுமாற்றம் இருந்த பையன். 1978ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் இருந்த ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே தலைவர் ஜான் கெண்ட்ரூ, மயோகுளோபின் வடிவத்துக்காக 1962ல் நோபல் வாங்கியவர். துபோஷேக்குத் துணையாக அலஸ்டேர் மெக்டவல். வேலை: தண்ணீர். புரதம்கூட இல்லை, வெறும் தண்ணீர். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தண்ணீர்த் துளியை எப்படி உறைய வைப்பது என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். இன்றைய தேதியில் இந்தத் தலைப்பை எழுதிக்கொடுத்தால் எத்தனை பேர் பணம் கொடுப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

உறைய வைக்க திரவ நைட்ரஜன் இருக்கே, மைனஸ் 196 டிகிரி, அதில் முக்க வேண்டியதுதானே? அங்கேதான் சூட்சுமம். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்தால் துளி சட்டென்று ஆவியாகாமல் உருண்டு ஓடி ஆடும், பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவி ஒரு மெத்தை போட்டுவிடும், சூடு உடனே ஏறாது. 1756ல் லைடன்ஃப்ராஸ்ட் என்கிற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதி வைத்தார். நைட்ரஜனில் இதே கூத்து தலைகீழாக நடக்கும். திரவ நைட்ரஜன் எப்போதுமே கொதிநிலையில் இருப்பது. எதை உள்ளே விட்டாலும் அதைச் சுற்றி ஒரு வாயு மெத்தை வந்துவிடும். குளிர் மெதுவாகத்தான் இறங்கும். அந்த இடைவெளி போதும் தண்ணீருக்கு, படிகமாகி உட்கார்ந்துவிடும்.

ஈத்தேன் அப்படி இல்லை. உறைநிலை மைனஸ் 183, கொதிநிலை மைனஸ் 89. ஆக, உறைநிலைக்குப் பக்கத்தில் திரவமாக வைத்திருந்தால் கொதிக்க இன்னும் 90 டிகிரிக்கு மேல் பாக்கி இருக்கிறது. மெத்தை போடாது. நேராகக் குளிர் கடிக்கும். நொடிக்கு லட்சம் டிகிரி, அதற்கும் மேல் என்கிற வேகத்தில் மெல்லிய நீர்ப்படலம் குளிர்ந்துவிடும். 1980ல் ஆஸ்திரியாவில் ப்ருகெல்லரும் மாயரும் இந்த வழியில் நுண்ணிய நீர்த்துளிகளைக் கண்ணாடியாக்க முடியும் என்று எழுதினார்கள். 1981ல் துபோஷேயும் மெக்டவலும் அதை நுண்ணோக்கியிலேயே காட்டிவிட்டார்கள்.

எப்படி நிச்சயம் பண்ணினார்கள் என்பது எனக்குப் பிடித்த இடம். படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வழவழவென்று ஒரு திட்டு. படிகத்துக்கு உரிய புள்ளிகள் இல்லை. இது தண்ணீர்தானா, இல்லை ஒட்டிக்கொண்டு வந்த ஈத்தேனா? மெதுவாகச் சூடேற்றிப் பார்த்தார்கள். ஈத்தேனாக இருந்தால் காணாமல் போயிருக்கும். போகவில்லை. மைனஸ் 140 டிகிரி சுமாருக்கு வந்ததும் அந்தத் திட்டு பனிப்படிகமாக மாறியது. தண்ணீரேதான்! முடியாது என்றிருந்த பொருள் கண்ணெதிரே இருந்து, கண்ணெதிரே படிகமானது. அந்த மைனஸ் 140 என்கிற எண்தான் இந்தத் துறையின் லட்சுமணக் கோடு. உறைய வைத்த மாதிரியை அதற்கு மேல் ஒரு தடவை சூடாக விட்டால் அவ்வளவுதான், திரும்பக் குளிர வைத்துப் பிரயோஜனமில்லை. அதனால்தான் ஆய்வு மாணவர்கள் எப்போதும் நைட்ரஜன் ஃப்ளாஸ்கைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

1984ல் மார்க் அட்ரியான், துபோஷே, ழான் லெபோ, மெக்டவல் நால்வரும் வைரஸ் படங்களோடு நேச்சரில் எழுதினார்கள். செய்முறை இன்று வரை பெரிசாக மாறவில்லை. மூன்று மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு உலோக வலை, ஏறக்குறைய கம்மல் திருகாணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நுண்ணிய ஓட்டைகள் போட்ட கரிப்படலம். அதில் ஒரு சொட்டு கரைசல். ஒற்றுத்தாளால் உறிஞ்சி எடு. சோப்புத் தண்ணீரில் முக்கிய வளையத்தில் படலம் நிற்குமே, அது மாதிரி ஓட்டைகளில் மெல்லிய நீர்ப்படலம் மிச்சம் நிற்கும். அடுத்த நொடி ஈத்தேனுக்குள் தொப்பென்று இறக்கு. இறக்குகிற கருவிக்கு கில்லட்டின் என்று செல்லப் பெயர். சாயம் இல்லை, சர்க்கரை இல்லை, காய வைக்கவில்லை. புரதம் தண்ணீரிலேயே இருக்கிறது, தண்ணீர்தான் நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு முப்பது வருஷம் நடந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். யோவாகிம் ஃப்ராங்க் ஆயிரக்கணக்கான மங்கல் படங்களைக் கணினியில் வகை பிரித்துச் சேர்க்கிற கணக்கைக் கொடுத்தார். ஹெண்டர்சன் 1995ல் கணக்குப் போட்டு, படிகமே இல்லாமல் அணு அளவுக்குப் போக முடியும் என்றார். யாரும் பெரிசாக நம்பவில்லை. கிடைத்த படங்கள் உருண்டை உருண்டையாக இருந்ததால் படிகவியல்காரர்கள் "உருண்டை சாஸ்திரம்" என்கிற மாதிரி கேலி பேசினார்கள். 2012, 2013 வாக்கில் எலெக்ட்ரான்களை நேரடியாக எண்ணுகிற கேமரா வந்தது. கேலி நின்றது.

கேலி நின்றதில் நம்ம சிதம்பரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1952ல் அங்கே பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், ரைபோசோமைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்து 2009ல் நோபல் வாங்கியவர். படிகமாக்குவதற்காகவே வருஷங்களைச் செலவழித்த மனுஷன். அவரே 2014ல், கேம்பிரிட்ஜில் தன் குழுவோடு, ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் பெரிய பாகத்தைப் படிகமே இல்லாமல் 3.2 ஆங்ஸ்ட்ராமில் வெளியிட்டார். அந்தக் கட்டுரையோடு சேர்ந்து வெர்னர் குல்பிராண்ட் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி ஒரு குறிப்பு எழுதினார். இந்த மாற்றத்துக்கு "நுணுக்கப் புரட்சி" என்று அவர் வைத்த பேர்தான் நிலைத்தது. இவர் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கருவி வந்தாச்சு, கேமரா வந்தாச்சு, கணக்கும் வந்தாச்சு. எல்லாரும் தங்கள் தங்கள் புரதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். குழாயில் புரதம் சுத்தமாக இருக்கிறது. சாயம் போட்டுப் பார்த்தால் அழகாக, முழுசாக இருக்கிறது. உறைய வைத்துப் பார்த்தால் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இல்லாவிட்டால் ஓட்டையில் ஒன்றுமே இல்லை. இல்லாவிட்டால் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கிறது. என்னதான் நடக்கிறது?

குற்றவாளியை 1903லேயே ஒருவர் அடையாளம் காட்டியிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் வால்டர் ராம்ஸ்டன். முட்டை வெள்ளைக்கரு மாதிரி புரதக் கரைசலைக் குலுக்கினால் திடப்பொருள் திரளுவதைப் பார்த்தவர். காற்றும் தண்ணீரும் சந்திக்கிற மேற்பரப்பில் புரதம் போய் ஒட்டி, உரு குலைந்து, தோல் மாதிரி படலமாகிவிடுகிறது என்று எழுதினார். தூத்துக்குடி மக்ரூன் சாப்பிட்டிருக்கிறீர்களா? வெள்ளைக்கருவை அடி அடி என்று அடித்து நுரையாக்கி, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்துச் சுடுவது. அந்த நுரை ஏன் அமுங்காமல் நிற்கிறது? காற்றுக் குமிழியின் பரப்பில் புரதங்கள் பிரிந்து விரிந்து ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதால்தான். புரதம் மடியும்போது தண்ணீர் பிடிக்காத எண்ணெய்த்தனமான பகுதிகளை உள்ளே ஒளித்து வைத்துக்கொள்கிறது. காற்றைக் கண்டதும் அந்தப் பகுதிகளுக்கு வெளியே வர ஒரு வாய்ப்பு. மடிப்பு அவிழ்கிறது.

இப்போ அந்த நீர்ப்படலத்தை நினைத்துப் பாருங்கள். தடிமன் 50 நானோமீட்டர் என்று வைப்போம். புரதம் 10 நானோமீட்டர். மேலே காற்று, கீழே காற்று. ஒற்றி எடுத்ததிலிருந்து ஈத்தேனில் விழுவதற்கு ஒரு நொடியோ இரண்டு நொடியோ ஆகும். புரதத்துக்கு அது யுகம். அந்த ஒரு நொடிக்குள் ஆயிரம் தடவைக்கு மேல் பரப்பில் போய் முட்டிவிடும். ஒவ்வொரு முட்டலும் ஒரு சோதனை. நாம் உறைய வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள் பாதி மக்ரூன் ஆகியிருக்கும்!

பனி கொடுமை பண்ணும், எலெக்ட்ரான் கொடுமை பண்ணும் என்று ஐம்பது வருஷம் போராடி ரெண்டையும் சமாளித்து வந்தால், கடைசியில் காத்திருந்தது வெறும் காற்று. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எச்சரித்தவர்களில் ஒருவர் நம்ம கிளேசர். 1974ல் உறைய வைத்துக் காட்டிய அதே ஆள், நாற்பது வருஷம் கழித்து, மெல்லிய நீர்ப்படலம் புரதத்துக்கு எவ்வளவு ஆபத்தான இடம் என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார்.

2018ல் நியூயார்க்கில் அலெக்ஸ் நோபிள், பிரிஜெட் காராகர், கிளின்ட் பாட்டர் குழு இதை நேரில் காட்டியது. உறைந்த படலத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து முப்பரிமாணத்தில் பார்த்தார்கள். ஒன்று ரெண்டு இல்லை, பல பத்து மாதிரிகள். மிகப் பெரும்பாலானவற்றில் புரதங்கள் நடுத் தண்ணீரில் இல்லை. மேல் பரப்பிலும் கீழ் பரப்பிலும் அப்பிக்கொண்டிருந்தன.

அடுத்த வருஷம் ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து வந்த கட்டுரைதான் எனக்கு இதில் உச்சம். ஈஸ்டின் கொழுப்பு அமிலம் தயாரிக்கிற பெரிய நொதி ஒன்று. குழாயில் முழுசாக, வேலை செய்கிற நிலையில் இருக்கிறது என்று சோதித்து நிச்சயம் பண்ணிக்கொண்டார்கள். உறைய வைத்துப் பார்த்தால், பரப்பில் ஒட்டியவற்றில் சுமார் 90 சதவீதம் ஒரு பக்கம் சிதைந்து போயிருந்தது. அதுவும் காற்றைப் பார்த்த பக்கம். பிறகு ஒரே அணு தடிமனுள்ள கிராஃபீன் தாளை, தண்ணீர் ஒட்டுகிற மாதிரி பக்குவப்படுத்தி, வலையின் மேல் விரித்தார்கள். புரதம் காற்றுப் பக்கம் போகாமல் கிராஃபீனில் பாய் விரித்துப் படுத்த மாதிரி உட்கார்ந்தது. சிதைவு நின்றது. இந்தக் குழுவின் தலைவர் யார் என்கிறீர்கள்? "நுணுக்கப் புரட்சி" என்று பெயர் வைத்த அதே வெர்னர் குல்பிராண்ட். புரட்சிக்குப் பெயர் வைத்தவரே அதன் ஓட்டையையும் தேடிப்போய் அளந்திருக்கிறார். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால் ஒரு மரியாதை தானாக வருகிறது.

மற்ற வைத்தியங்களும் உண்டு. கோட்டிங்கனில் ஹோல்கர் ஸ்டார்க் குழு 2008லேயே ஒன்று சொன்னது. கிளிசரால் கரைசலில் புரதத்தை வேகமாகச் சுழற்றிக்கொண்டே, குளூட்டரால்டிஹைடு என்கிற ரசாயனத்தால் பாகங்களை ஒன்றோடொன்று மெதுவாகத் தைத்துவிடுவது. பல பாகங்கள் சேர்ந்த புரதக் கூட்டணிகள் உடையாமல் இருக்க இது ரொம்ப உதவுகிறது. (கூட்டணி என்றாலே உடைவதுதானே என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: நானே சொல்லிவிட்டேன் :-)) ஆனா எனக்கு இதில் ஒரு தயக்கம். தைத்த புரதம் அசையாது. புரதத்தின் சுவாரஸ்யமே அசைவில்தான் இருக்கிறது. ஸ்டுடியோவில் "ஆடாம நில்லுங்க சார்" என்று எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஆளின் நடையை எப்படிச் சொல்வது? வேறு வழியே இல்லாதபோது சரி.

இன்னொரு வழி, பரப்பை முன்கூட்டியே வேறு ஆளை வைத்து நிரப்பிவிடுவது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற டெக்னிக். சோப்பு வகை மூலக்கூறுகள் பரப்பை விரும்பிப் போய் உட்காரும். புரதத்துக்கு இடம் இருக்காது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சேத் டார்ஸ்ட் குழு பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ பாலிமரேஸில் சாப்சோ என்கிற சோப்பைச் சேர்த்து, அதுவரை ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டிருந்த புரதத்தைப் பல திசையிலும் திரும்ப வைத்தார்கள். ஒரே பக்கம் படுப்பது ஏன் தொந்தரவு? ஒரு ஆளின் முதுகை மட்டும் லட்சம் படம் எடுத்தாலும் முகம் வராது, அதான். டிமிட்ரி லியும்கிஸ் குழு 2017ல் ஃப்ளூ வைரஸின் ஒரு புரதத்தை வைத்து, வலையையே சாய்த்து எடுத்தால் காணாத பக்கங்கள் கிடைக்கும் என்று காட்டியது. சாமர்த்தியமான சமாளிப்பு. ஆனா சிதைந்த புரதத்தைச் சாய்த்துப் பார்த்தாலும் சிதைந்ததுதான்.

வேகம் ஒரு வழி. காராகர், பாட்டர் குழு இங்க்ஜெட் பிரிண்டர் மாதிரி நுண்துளிகளைத் தெளித்து, ஒற்றுத்தாளே இல்லாமல், ஒரு நொடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் உறைய வைக்கிற கருவியைச் செய்தது. ஒட்டுவது குறைகிறது, முழுசாக நிற்கவில்லை. வலையிலும் மாற்றம் வந்தது. 2014ல் கேம்பிரிட்ஜில் கிறிஸ் ருஸ்ஸோவும் லோரி பாஸ்மோரும் கரிப்படலத்துக்குப் பதில் தங்கப் படலம் போட்டார்கள். எலெக்ட்ரான் அடிக்கும்போது படலம் அசைவது வெகுவாகக் குறைந்தது. தங்கத்துக்கு நம்மூரில் இல்லாத உபயோகம் ஒன்று!

ஆனா இருக்கிற வைத்தியத்திலேயே ஆழமானது, புரதத்தையே உறுதியாகச் செய்வது. இதற்கு நாம் எல்லோரும் வாழ்ந்து பார்த்த உதாரணம் இருக்கிறது. கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதம் ஸ்பிரிங் வைத்த எலிப்பொறி மாதிரி. லேசாகத் தொட்டாலும் வடிவம் மாறிவிடும். மெர்ஸ் வைரஸை ஆராய்ந்த காலத்திலேயே, 2017ல், ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம் முதலானோர், குறிப்பிட்ட இரண்டு இடத்தில் புரோலின் என்கிற விறைப்பான அமினோ அமிலத்தை வைத்தால் பொறி விடுபடாமல் நிற்கும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். 2020 ஜனவரியில் புது வைரஸின் மரபணு வரிசை வெளியானது. பிப்ரவரியிலேயே 3.5 ஆங்ஸ்ட்ராமில் படம் தயார். அந்த ரெண்டு புரோலின் ஆணி இல்லாவிட்டால் அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகமே. படத்துக்காக மட்டும் இல்லை. அதே ஆணி அடித்த வடிவம்தான் மாடர்னா, ஃபைசர் தடுப்பூசிகளில் போனது. நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இந்த மாற்றம் கிடையாது, அது இயல்பான வடிவத்தையே வைத்திருந்தது. அதே வருஷம் மெக்லெல்லன் குழு ஆறு புரோலின் வைத்து இன்னொரு வடிவம் செய்தது. அது சூட்டையும் தாங்கியது, மூன்று தடவை உறைய வைத்து உருக்கினாலும் தாங்கியது.

இதோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கணும். 2020ல் இரண்டு குழுக்கள், கேம்பிரிட்ஜிலும் கோட்டிங்கனிலும், 1.2 ஆங்ஸ்ட்ராமுக்குப் பக்கத்தில் போய் அணுக்களைத் தனித்தனியாகக் காட்டின. பிரமாதம்தான். ஆனா இரண்டு பேரும் எடுத்துக்கொண்டது அப்போஃபெரிட்டின், இரும்பைச் சேமிக்கிற பந்து. உருண்டை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, நன்றாகச் சுட வைத்தாலும் அசராத கல்லுப் பிள்ளையார். சாதனை எப்போதும் கல்லுப் பிள்ளையாரை வைத்துத்தான் நடக்கிறது. மருந்து கண்டுபிடிக்க வேண்டிய புரதங்களோ, செல் சவ்வில் இருப்பவை, பத்து பாகம் ஒட்டிக்கொண்டு இருப்பவை, தொட்டால் சிணுங்கிகள். அவற்றை வைத்து வேலை செய்பவர்கள் இன்னமும் சோப்பை மாற்றி, உப்பை மாற்றி, வலையை மாற்றி, மாசக்கணக்கில் மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நுண்ணோக்கியில் படம் எடுக்க ஒரு நாள், அந்த ஒரு நாளுக்கு வலை தயார் செய்ய ஒரு வருஷம் என்றாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

கொசுறு: துபோஷே தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் வாழ்க்கைக் குறிப்பைத் தேடிப் படியுங்கள். விஞ்ஞானிகள் எழுதும் குறிப்புகளில் இவ்வளவு நக்கல் அபூர்வம். பிறந்த தேதிக்கு முன்னாலேயே, நம்பிக்கையுள்ள பெற்றோருக்குக் கருவான மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறது. மாநிலத்திலேயே அதிகாரப்பூர்வமாக எழுத்துத் தடுமாற்றம் என்று முத்திரை குத்தப்பட்ட முதல் ஆள் தான்தான் என்றும், அதனால் எல்லாப் பாடத்திலும் மோசமாக இருக்க அனுமதி கிடைத்தது என்றும் போட்டிருக்கிறார். நோபலுக்குப் பிறகு எழுதியது இல்லை, அதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது.